வண்டி வேலையை நாமே பார்ப்பதா, ஊர் ஏஜென்சியிடம் விடுவதா?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அம்பாசமுத்திரத்து ஏஜென்சியில் (கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற விற்பனை, சர்வீஸ் கடையில்) 2021-இல் வாங்கிய 125 சி.சி. பைக், 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, தினமும் திருநெல்வேலிக்கு வேலைக்குப் போய் வருகிறார். கடைசி சர்வீஸ் பில் 2,900 ரூபாய் ஆனதும், ஸ்பேனர் செட் ஒன்று வாங்கி இனி எல்லா வேலையையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறார். அவருடைய தந்தையார், “ஏஜென்சி அண்ணாச்சி நம்மை நம்பிக் கடை போட்டிருக்கிறார், நாமே விட்டுவிட்டால் நாளைக்கு ஒரு கேபிளுக்குக்கூடப் பாளையங்கோட்டைக்கு ஓட வேண்டும்” என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பது கேள்வி. கூடவே, செயின் பக்கம் கேட்கும் ஒரு கடகடச் சத்தத்தையும் குறிப்பிட்டிருக்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எந்தெந்த வேலையை ஒரு சாதாரண ஆள் பாதுகாப்பாகத் தன் கையால் செய்யலாம் என்பது ஒன்று. அப்படிச் செய்வதால் ஊரில் இருக்கும் கடைக்கு நாம் அநியாயம் செய்கிறோமா என்பது மற்றொன்று. முதலாவது தொழில் தெரிந்தவர் பதில் சொல்லக்கூடிய கேள்வி. இரண்டாவதில் தொழிலறிவோடு மனச்சாட்சியும் கலந்திருக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பதால்தான் வீட்டில் வாக்குவாதம் தீரவில்லை என்று நினைக்கிறேன்.

நான் பேட்டையில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, ஓர் ஏஜென்சியின் சர்வீஸ் பிரிவில் பதினொரு ஆண்டுகளும், பிறகு சேரன்மகாதேவி சாலையில் சொந்தமாகச் சிறிய ஒர்க்‌ஷாப் வைத்துப் பதினான்கு ஆண்டுகளும் வேலை பார்த்தவன். அதனால் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருப்பவர்களின் நியாயமும் வெளியே இருப்பவர்களின் நியாயமும் எனக்குத் தெரியும். என் கைப்பழக்கம் முழுவதும் 100 முதல் 200 சி.சி. வரையிலான பெட்ரோல் வண்டிகளில்தான். மின்சார ஸ்கூட்டர்களைப் பற்றி இங்கே எதுவும் சொல்லப் போவதில்லை. உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை என்பதால், சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போது எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

பில்லிலிருந்து தொடங்குகிறேன். 2,900 ரூபாயை நீங்கள் ஒரே தொகையாகப் பார்க்கிறீர்கள். அதில் ஆயில், பிளக், ஏர் ஃபில்டர், பிரேக் ஷூ ஆகியவற்றின் விலையைக் கழித்துப் பாருங்கள். அவற்றை நீங்களே வாங்கி மாட்டினாலும் அந்தப் பணம் போகத்தான் போகிறது. மிஞ்சுவது கூலியும், வாட்டர் சர்வீஸும், கிரீஸ், கிளீனிங் என்று சில்லறையாகச் சேர்த்திருக்கும் வரிகளும்தான். உங்களால் மிச்சப்படுத்தக்கூடியது இந்தப் பகுதி மட்டுமே. இதற்கு எதிர்ப்பக்கத்தில் கருவிச் செலவு இருக்கிறது. சாலையோரத்தில் கிடைக்கும் மலிவான ஸ்பேனர்கள் போல்ட்டின் தலையை வழுக்கி உருட்டிவிடும். நல்ல ரிங் ஸ்பேனர்கள், டி ஸ்பேனர்கள், போல்ட்டை உரிய அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரெஞ்சு ஒன்று என்று வாங்கினால் முதல் சில சர்வீஸ்களில் மிஞ்சும் கூலியை அவையே விழுங்கிவிடும். ஆகவே பணத்துக்காக மட்டும் இதில் இறங்குகிறவருக்கு முதல் ஆண்டில் ஏமாற்றம்தான். தன் வண்டியைத் தானே அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையோடு இறங்குகிறவருக்கு ஏமாற்றம் கிடையாது. அந்த ஆசை உங்கள் கேள்வியில் தெரிவதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எந்த வேலையை நாமே செய்யலாம் என்பதற்கு, வேலை எவ்வளவு கடினம் என்பதை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். அந்த வேலையில் தவறு நேர்ந்தால் அது எங்கே, எப்போது வெளிப்படும் என்பதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். பிளக்கைச் சரியாக மாட்டாவிட்டால் வண்டி வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் ஆகாது. நாம் நின்ற இடத்தில் தவறு தெரிந்துவிடும். டிஸ்க் பிரேக் குழாயில் காற்று தங்கியிருந்தால், செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வரை ஏறிவிட்டுத் திரும்பி இறங்கும்போதுதான் லீவர் கைப்பிடி வரை அமுங்கும். இரண்டு வேலைகளுக்கும் ஆகும் நேரமும் உழைப்பும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் ஒன்றைப் படித்துப் பார்த்துச் செய்யலாம், மற்றொன்றைச் செய்யக் கூடாது.

இந்த அளவுகோலின்படி தயக்கமில்லாமல் உங்கள் கைக்கு வரக்கூடிய வேலைகளில் முதலாவது செயின். நம் பகுதியில் மற்ற எதையும்விட அதிகமாக வதைபடுவது அதுதான். மானூர், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மழைக்காலத்தில் பசையாய் ஒட்டிக் காய்ந்து கல்லாகிவிடும். திசையன்விளை பக்கத்துத் தேரிச் செம்மணல் ஆயிலோடு கலந்தால் உப்புத்தாள் தேய்ப்பது போல ஒவ்வொரு கண்ணியின் முளையையும் அரித்தெடுக்கும். உவரி, கூடங்குளம் கரையில் ஓடும் வண்டிகளுக்கு உப்புக் காற்றுத் துரு தனி. உங்கள் ஊரில் தேரியும் இல்லை, கடலும் இல்லை. ஆனால் தென்மேற்குப் பருவத்தில் வரும் சாரலும் வயல்வெளிச் சாலையின் சேறும் உண்டு. ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை துடைத்து எண்ணெயிட வேண்டும். சாதாரணச் செயினை மண்ணெண்ணெய்யும் பிரஷ்ஷும் கொண்டு துடைத்து, கனமான கியர் ஆயில் விட்டால் போதும். ரப்பர் வளையம் வைத்த செயினுக்குப் பெட்ரோலும் ஆகாது, கம்பிப் பிரஷ்ஷும் ஆகாது. பின் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் துடைக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுத் துணியைப் பிடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படிப் பிடித்து ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) விரல் நுனியை இழந்தவரை என் கண்முன்னாலேயே பார்த்திருக்கிறேன். இதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள்.

செயின் தொய்வைச் சரிசெய்வதும் உங்களால் முடியும். இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் மேலும் கீழுமாக 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும் என்று ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். உங்கள் வண்டியில் போட்டிருப்பதே கணக்கு. புதிதாகச் செய்கிறவர்கள் இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். ஆள் ஏறி உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இழுபடும் என்பதால், அதிக இறுக்கம் கியர்பாக்ஸ் பேரிங்கையே தின்றுவிடும். இரு பக்கத்து அட்ஜஸ்டர் கோடுகளும் ஒரே எண்ணிக்கையில் நிற்க வேண்டும். வீடியோக்களில் பலர் சொல்லாமல் விடும் ஒன்றையும் சொல்கிறேன்: பின்னால் டிரம் பிரேக் இருக்கும் வண்டியில் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் பிரேக் ராடும் இழுபட்டு, மிதியின் ஆட்டம் குறைந்துவிடும். அதைத் தளர்த்திச் சரிசெய்யாமல் கிளம்பினால் பிரேக் ஷூ உரசிக்கொண்டே ஓடி, வீரவநல்லூர் தாண்டுவதற்குள் டிரம் கொதித்திருக்கும்.

அடுத்தது ஆயில். இன்ஜின் மிதமான சூட்டில் இருக்கும்போது வடித்து, கையேட்டில் சொன்ன அளவு ஊற்றி, அளவு குச்சியில் சரிபார்க்கும் வேலைதான். ஆனாலும் இதில் இரண்டு இடங்களில் பலர் சறுக்குகிறார்கள். பைக்கின் கிளட்ச் தட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி இயங்குகின்றன. கார் ஆயிலில் உராய்வைக் குறைப்பதற்காகச் சேர்க்கப்படும் பொருள்கள் அந்தத் தட்டுகளை வழுக்கவைத்துவிடும். ஆகவே வீட்டில் காருக்கு வாங்கியது மீதி இருக்கிறதே என்று ஊற்றக் கூடாது. டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய ஆயில் தரக்குறியீடு) எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று அச்சிட்டிருக்க வேண்டும். எம்.பி. என்று போட்டிருப்பது கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கானது. மற்றொரு சறுக்கல் வடிகால் போல்ட்டை முறுக்குவதில். அந்த போல்ட் இரும்பு. அது இறங்கும் இன்ஜின் உடம்போ அலுமினியம். ‘இன்னும் ஒரு முறுக்கு’ என்று கையை அழுத்தும்போது மரை (திருகுப் புரி) போய்விடும். என் ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினில் மரை போய் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை வீட்டில் ஆயில் மாற்றியவை. அதை லேத் பட்டறையில் கொடுத்து உட்புரி போட்டு மீட்கலாம். ஆனால் நீங்கள் மிச்சம்பிடித்த பல சர்வீஸ் கூலிகள் அதோடு போய்விடும். டார்க் ரெஞ்சு வாங்கச் சொன்னது இதற்காகத்தான். அலுமினிய வாஷரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள்.

வடித்த பழைய ஆயிலை என்ன செய்வது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். உங்கள் வீட்டுக்கு அருகில் கன்னடியன் கால்வாய் ஓடுகிறது. அதற்குத் தண்ணீர் வருவது தாமிரபரணியிலிருந்து. அந்த ஆற்று நீரைத்தான் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. வாய்க்காலிலோ, வாசல் சாக்கடையிலோ, வேலியோர மண்ணிலோ அதைக் கொட்டாதீர்கள். பழைய டப்பாவிலேயே நிரப்பி மூடி, ஏஜென்சியிலோ தெருமுனை ஒர்க்‌ஷாப்பிலோ கொடுத்தால், அவர்கள் பீப்பாயில் சேர்த்துப் பழைய ஆயில் எடுப்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். இதற்கு ஒப்புக்கொள்ள மனம் இல்லாதவர் வீட்டில் ஆயில் மாற்றவே வேண்டாம் என்பது என் திட்டமான கருத்து.

பிளக்கும், கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள்களின் ஆட்டமும், டயர் காற்றும், பேட்டரி முனைகளும் எளிய வேலைகள், கையேடு போதும். பேட்டரிக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவிலும், இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரையிலும் காட்டினால் சார்ஜ் நன்றாக ஏறுகிறது. ஏர் ஃபில்டர் மட்டும் கவனம். பழைய வண்டிகளில் இருந்த பஞ்சு ஃபில்டரை மண்ணெண்ணெய்யில் அலசிப் பிழிந்து ஆயிலில் நனைத்துத் திரும்ப மாட்டினோம். இப்போது பல வண்டிகளில் வருவது எண்ணெய்ப் பிசுக்கேற்றிய காகித ஃபில்டர். அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்தால் அந்தப் பிசுக்கு போய், தூசி நேரே சிலிண்டருக்குள் போகும். அழுக்கானால் புதிதுதான் போட வேண்டும். ஸ்க்ரூக்களைப் பற்றியும் ஒரு சொல்: ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளின் நட்சத்திர ஸ்க்ரூக்கள் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் டிரைவருக்குச் சரியாகப் பொருந்துவதில்லை, தலை வழுக்கிப் போவதற்கு உங்கள் பலக்குறைவு காரணமாக இருக்காது, பொருந்தாத முனைதான் காரணம். ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தர அளவு) முனை என்று கேட்டு வாங்குங்கள்.

இனி கைவைக்கக் கூடாதவை. பிரேக் முதலாவது. பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 வரை இறங்கலாம். மலையிறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அது கொதித்து ஆவியானால், ஆவி அமுங்குமே தவிர அழுத்தத்தைக் கடத்தாது. லீவர் வெறுமனே உள்ளே போகும். இதனால்தான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றும்போது காற்றுக் குமிழி ஒன்றுகூடத் தங்கக் கூடாது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். (திடீரெனப் பிரேக் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏற்பாடு) கட்டாயம், அந்தப் பெட்டிக்குள் தங்கும் காற்றை வெளியேற்றச் சில வண்டிகளில் கம்பெனிக் கருவியே வேண்டியிருக்கும். உங்கள் 125-இல் இருப்பது முன்பின் பிரேக்குகளை இணைக்கும் சி.பி.எஸ். ஆக இருக்கலாம், அதன் இணைப்பை அளவறியாமல் திருகினாலும் முன்பிரேக் உரிய நேரத்தில் பிடிக்காது. ஹேண்டில் கோன் (ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங்), வீல் பேரிங், ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) ஆகியவையும் இந்த வரிசைதான். இவற்றை அடித்து இறக்கச் சுத்தியல் போதும் என்று தோன்றும். ஒரு கோடு சாய்ந்து இறங்கினால் வளைவில்தான் அது தெரியும்.

பெட்ரோல் செலுத்தும் ஏற்பாடும் உங்கள் கைக்கு வெளியே. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்னும் புகை வரம்பு விதி வந்தபின், கார்புரேட்டர் இருந்த இடத்தில் இன்ஜெக்டரும், டேங்குக்குள் பம்பும், சைலன்ஸரில் ஆக்சிஜன் சென்சாரும் வந்துவிட்டன. அக்காலத்தில் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டை ஊதிச் சுத்தம் செய்தது போல இதில் எதையும் ஊத முடியாது. பம்ப் குழாயில் ஏறக்குறைய மூன்று பார் அழுத்தத்தில் பெட்ரோல் நிற்கிறது. அறியாமல் கழற்றினால் சூடான இன்ஜின்மேல் பீய்ச்சும். மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு சாவி திருப்பியதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிட்டால் கவலையில்லை. ஓடும்போது எரிந்தால், கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் கருவி இருக்கும் இடத்துக்குப் போங்கள். வால்வு இடைவெளி சரிபார்ப்பதை மட்டும் நடுவில் வைக்கிறேன். அது ஆறிய இன்ஜினில், மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவில் பார்க்க வேண்டிய நுட்ப வேலை. தெரிந்தவர் பக்கத்தில் நின்று நான்கைந்து முறை பார்த்து, அவர் முன்னிலையில் ஒருமுறை செய்தபின் தனியாகச் செய்யலாம். வீடியோ பார்த்து மட்டும் வேண்டாம். இடைவெளியை அளக்கும் ஃபீலர் தகடு எவ்வளவு இறுகி நகர வேண்டும் என்பதை விரல்தான் கற்றுக்கொள்ள வேண்டும், கண்ணால் முடியாது.

வாரண்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். சில கம்பெனிகள் ஐந்து ஆண்டு வாரண்டி தருகின்றன. 2021 வண்டிக்கு அது முடிந்ததா, கிலோமீட்டர் வரம்பு கடந்ததா என்று புத்தகத்தைப் பாருங்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது: குறித்த இடைவெளியில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்பது அநேகமாக எல்லா வாரண்டிப் புத்தகங்களிலும் நிபந்தனையாக இருக்கிறது, அதைத் தவறவிட்டால் கம்பெனி மறுக்க அதுவே பிடியாகும். விவாதத்துக்குரியது: நீங்களே சரியான ஆயில் மாற்றியதைக் காட்டி, அதோடு தொடர்பில்லாத ஒரு பழுதுக்கு அவர்கள் மறுப்பது நியாயமா என்பது. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட்டில் 14 கார் நிறுவனங்கள்மீது, உதிரி பாகங்களையும் பழுதுநீக்கும் விவரங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக அபராதம் விதித்தது. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. அதில் வாகனத் துறையும் உண்டு. காற்று வாடிக்கையாளர் பக்கம் வீசுகிறது என்று இவற்றைக் கொண்டு சொல்லலாம். ஆனால் அந்த ஆணை கார்களைப் பற்றியது. அதைக் காட்டிப் பைக் வாரண்டியை வென்றுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். வாரண்டிக் காலம் மீதியிருந்தால் அது முடியும்வரை சர்வீஸை ஏஜென்சியிலேயே விட்டு, இடைப்பட்ட நாள்களில் செயினையும் காற்றையும் மட்டும் நீங்கள் பாருங்கள்.

இப்போது உங்கள் தந்தையாரின் பேச்சுக்கு வருகிறேன். ஏஜென்சிக்குப் புது வண்டி விற்பதில்தான் கொழுத்த லாபம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நான் வேலை பார்த்த இடத்தில் மாதச் சம்பளமும் வாடகையும் சர்வீஸ் பிரிவிலிருந்தும் ஸ்பேர் கவுண்ட்டரிலிருந்தும்தான் வந்தன; விற்பனை மந்தமான ஆடி மாதங்களில் கடையைத் தூக்கி நிறுத்தியது அதுதான். ஒரு சிறு நகரத்து ஏஜென்சி, எப்போது விற்கும் என்று தெரியாத நூற்றுக்கணக்கான உதிரி பாகங்களில் பணத்தை முடக்கி வைத்திருக்கிறது. ஸ்கேனர் வாங்கியிருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்து வரும் பையன்களைப் பழக்கி எடுக்கிறது; அவர்களில் பாதிப் பேர் தொழில் கற்றதும் கோயம்புத்தூருக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறார்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இந்த ஏற்பாடு உங்கள் பக்கத்தில் இருப்பதன் அருமை சாதாரண நாளில் தெரியாது.

அது எனக்கு முழுமையாகத் தெரிந்தது 2023 டிசம்பரில். 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரைமீறி, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்திலும் சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம் பகுதிகளிலும் வண்டிகள் தண்ணீருக்குள் நின்றன. வெள்ளம் வடிந்ததும் பலர் பதற்றத்தில் செய்தது செல்ஃப் ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்த்ததுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, பால் கலந்த தேநீர்போல மாறியிருந்த ஆயிலை இரண்டு மூன்று முறை மாற்றி, பெட்ரோலை வடித்துக் காயவைத்தவர்களின் வண்டிகள் பெரும்பாலும் பிழைத்தன. இந்த வேலையைச் சில உரிமையாளர்களே வீட்டு வாசலில் செய்தார்கள். நான் தொலைபேசியில் சொல்லச் சொல்லக் கேட்டுச் செய்தவர்கள் உண்டு. வண்டி வேலை கொஞ்சம் தெரிந்திருப்பதன் பயன் அன்று கண்கூடு. ஆனால் அடுத்த பல வாரங்களுக்கு வயரிங், பேரிங், மீட்டர், இன்சூரன்ஸ் சர்வே என்று ஏஜென்சிகளின் வாசலிலும் எங்களைப் போன்றவர்களின் வாசலிலும் வரிசை நின்றது. அந்தக் கூட்டத்தில், வழக்கமாக வருகிறவர்களின் வண்டியின் வரலாறு எங்கள் நோட்டில் இருந்ததால் அவர்களுடைய வேலை சீக்கிரம் முடிந்தது. கடைகள் இல்லாத ஊர்களிலிருந்து வண்டியைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி வந்தவர்கள் பட்ட பாட்டையும் அன்றுதான் பார்த்தேன்.

அதனால் கடை இருக்க வேண்டும் என்பதில் உங்கள் தந்தையார் சொல்வது சரி. ஆனால் நீங்கள் செயினுக்கு எண்ணெய் விடுவதால் எந்தக் கடையும் மூடப்போவதில்லை. கடையை மூடவைக்கும் பழக்கங்கள் வேறு. ஸ்பேரை இணையத்தில் வாங்கிக்கொண்டு வந்து ‘மாட்டிக் கொடுங்கள்’ என்பதும், ஸ்கேனர் போட்டுக் கோளாறைக் கண்டுபிடித்துச் சொன்னதும் கூலி கொடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வேறிடம் போவதும், அரைமணி நேரக் கூலியில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லிக் கால்மணி நேரம் நிற்பதும்தான் கடைக்காரரை வாட்டுகின்றன. நீங்கள் வீட்டில் வேலை செய்தாலும் ஆயிலையும் ஃபில்டரையும் செயின் செட்டையும் அண்ணாச்சி கவுண்ட்டரிலேயே வாங்குங்கள். அதில் உங்களுக்கும் லாபம் இருக்கிறது: பிரேக் ஷூவிலும் செயின் செட்டிலும் போலிச் சரக்கு நிறைய ஓடுகிறது, ஏஜென்சி கவுண்ட்டரில் பில்லோடு வாங்குவதில் அந்தப் பயம் மிகக் குறைவு, பொருள் சரியில்லை என்றால் கேட்க ஓர் ஆளும் இருக்கிறார்.

அதே சமயம், ஊர்க் கடை என்பதற்காகக் குறையைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது எழுதும் வேலைச் சீட்டில்) நீங்கள் சொல்லும் குறையை உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். நேர்மையான கடை அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, நாங்கள் ஒரு பையில் கட்டி வண்டியிலேயே தொங்கவிடுவோம். கிளீனிங் என்று போட்டிருக்கும் வரி எதற்கு என்று மரியாதையாகக் கேளுங்கள். இரண்டு மூன்று முறை கேட்டும் செய்யாத வேலைக்குப் பணம் வாங்குவது நிற்கவில்லை என்றால், அந்த அண்ணாச்சியிடம் உங்களுக்கு எந்தக் கடனும் இல்லை.

உங்கள் இருவர் பேச்சிலும் ஒருவர் விடுபட்டிருக்கிறார்: தெருமுனையில் புளிய மரத்தடியிலோ தகரக் கொட்டகையிலோ உட்கார்ந்திருக்கும் மெக்கானிக். வாரண்டி முடிந்த வண்டிக்கு, கோன் மாற்றவும் கிளட்ச் தட்டு மாற்றவும் போர் போடவும் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்கவும்) அவரே பல சமயம் பொருத்தமான ஆள். ஏஜென்சியில் உங்கள் வண்டியை யார் பிரித்தார் என்று தெரியாது. இவரிடம் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்க்கலாம், கேட்கலாம். வால்வு இடைவெளி கற்க ஓர் ஆள் வேண்டும் என்றேனே, அது இவர்தான். நிறைய பேர் அவரை ‘சீப்பா முடிச்சுத் தருவார்’ என்று மட்டும் பார்க்கிறார்கள். அவர் விரலில் இருக்கும் அறிவுக்கு உரிய கூலியைக் கேட்காமலேயே கொடுங்கள். இன்ஜெக்‌ஷன், ஏ.பி.எஸ். கோளாறுகளில் ஸ்கேனர் இல்லாமல் அவர் ஊகத்தில் பாகம் மாற்ற முற்பட்டால் மட்டும் தடுத்து, ஏஜென்சிக்குப் போங்கள்.

கடைசியாக அந்தச் சத்தம். 38,000 கிலோமீட்டரில் முதல் சந்தேகம் செயின் செட்மீதுதான் விழ வேண்டும். ஆனால் இது ஊகம், சோதித்துப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில், சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். செயின் கவரில் உள்ள பார்வைத் துளை வழியாகத் தொய்வை அளந்து, பின் சக்கரத்தைக் கால் சுற்றுச் சுற்றி மறுபடி அளந்து, இப்படிப் பல இடங்களில் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தொய்ந்திருந்தால் அட்ஜஸ்ட் செய்வதோடு தீரலாம். ஓரிடத்தில் இறுகியும் மற்றோரிடத்தில் தொங்கியும் இருந்தால், செயின் சீரில்லாமல் நீண்டுவிட்டது. அட்ஜஸ்ட் செய்வதில் பயனில்லை, முன்பின் ஸ்பிராக்கெட்டுகளோடு செட்டாகவே மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பற்கள் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். பிறகு சக்கரத்தை இரு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சிறிதளவு ஆட்டம் தெரிந்தாலும் அது பேரிங் அல்லது ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) புஷ், உங்கள் வேலை அல்ல. ஆட்டம் இல்லை, செயினும் சரி, வண்டியை எடுக்கும்போதும் கியர் மாற்றும்போதும் மட்டும் ‘கடக்’ என்று கேட்கிறது என்றால் பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்கள் தேய்ந்திருக்கலாம். செயின் செட்தான் என்று முடிவானால், அம்பாசமுத்திரம் கவுண்ட்டரில் வாங்கி, முதல் முறை அங்கேயே மாட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று, ஆக்ஸில் நட்டை எவ்வளவு முறுக்குகிறார்கள், பிரேக் ராடை எந்த அளவில் விடுகிறார்கள், டார்க் ராடின் (பிரேக் தட்டு சுழலாமல் பிடிக்கும் கம்பியின்) பின்னை எந்தத் திசையில் மடக்குகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அளந்த பின் தொய்வு எவ்வளவு மாறுபட்டது என்பதை இங்கே எழுதினால், அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.